பற்றாத அடுப்பும் அணைப்பு அண்ணனும்

ஆபீஸில் அவரை எல்லாரும் அணைப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடங்களுக்குத் தீயணைப்புச் சாதனங்களைப் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனி அது. புகை வந்தால் அலறுகிற கருவி, சுவரில் தொங்குகிற சிவப்பு சிலிண்டர், வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கட்டடம் கட்டடமாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. யாரோ ஒரு புண்ணியவான் தீயணைப்பில் தீயை வெட்டிவிட்டு, மிச்சத்தை அவருக்குப் பெயராக வைத்துவிட்டான். அது வீடு வரைக்கும் வந்து சேர்ந்தபோது அவர் மனைவி, "எந்த அணைப்பைப் பார்த்து இந்தப் பேரு வெச்சாங்களாம்?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இதையும் அவரேதான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை வருஷ சர்வீஸில் அவர் ஒரு தீயைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவர் சோதித்த எந்தக் கட்டடத்திலும் ஒரு குப்பைத்தொட்டிகூடப் புகைந்ததில்லை. "நான் நல்லா வேலை செய்யறேன்னு அர்த்தம்" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லைன்னா, நான் போற எடத்துல நெருப்புக்கே போரடிச்சிருக்கும்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

வீட்டில் அவர் ராஜ்ஜியம்தான். சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று புகைக் கருவிகள் கூரையெங்கும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஆபீஸ் கன்ட்ரோல் ரூமோடு இணைத்திருந்தார். குளியலறை வாசலிலும் ஒன்று இருந்தது. மனைவி வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது ஆவியைப் புகை என்று நினைத்துக் கத்தியது. ஒருநாள் அவள் ஈரத்தலையோடு நாற்காலி போட்டு ஏறி, அதைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டாள். அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மூழ்கிவிடுவோம் என்று அழுகிற ஆட்களைத் தினமும் பார்த்துப் பழகியவள் என்பதால் புருஷனையும் சமாளித்துவிட்டாள்.

ஒரே மகள். கால்நடை மருத்துவமனை ஒன்றில் டாக்டர். கூட வேலை பார்க்கிறவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சாதுவான பையன். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அவள் தன் சின்ன வயசுக் கதையைச் சொன்னாள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றிய மறுநொடி அப்பா குனிந்து ஊதிவிடுவாராம். போட்டோ எதைப் பார்த்தாலும் பின்னால் ஈரத்துண்டோடு அப்பா நிற்பாராம். பையன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் படுத்த பிறகு அது முள்ளாகக் குத்தியது. நெருப்பைப் பார்த்துப் பயந்தவன் என்று சம்பந்தி வீட்டில் பேராகிவிட்டால் என்ன செய்வது?

அடுத்த வாரமே போய் ஒரு பெல்லட் கிரில் வாங்கிவந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரல் நுனி மாதிரியான துண்டுகளில் எரியும் அடுப்பு அது. பக்கவாட்டுப் பெட்டியில் துண்டுகளைக் கொட்டிவிட்டால் போதும். உள்ளே ஒரு திருகுக் கம்பி சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் இருக்கும் இரும்புக் கிண்ணத்தில் தள்ளும். கிண்ணத்தில் ஒரு சூட்டுக் கம்பி பழுத்து அவற்றைப் பற்றவைக்கும். ஒரு விசிறி காற்று ஊதும். எவ்வளவு சூடு என்று சின்னத் திரையில் எண் வரும். தீக்குச்சி கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, சுவிட்சைப் போட்டால் சரி. நெருப்பே கண்ணில் படாத நெருப்பு. கடைக்காரர் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு இது தனக்காகவே பெற்றுப்போட்ட பிள்ளை மாதிரித் தோன்றிவிட்டது.

முதல் முறை அது சொன்னபடி கேட்டது. ஒரு மாலை, வீட்டுக்குப் பின்னால், சாத்தியிருந்த சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்து, சோளக்கதிர் சுட்டு மனைவியோடு சாப்பிட்டார். அவள்கூட நன்றாக இருக்கிறது என்றாள். அணைக்கும் சுவிட்சைப் போட்ட பிறகும் விசிறி கொஞ்ச நேரம் தானாகவே ஓடி, மிச்சத் தணலை எரித்து முடித்துவிட்டுத்தான் நிற்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அவரும் படித்திருந்தார். படித்து என்ன பிரயோஜனம்?

அந்த வெற்றி கொடுத்த தெம்பில், பையனின் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். பையனின் அப்பா அவன் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பல் டாக்டர், ஒற்றை ஆளாக அவனை வளர்த்தவர். போனில், "எப்ப வரணும்?", "சரி" என்று இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அந்த மௌனத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே என்று, "சமையல் பூரா என் பொறுப்பு டாக்டர். நானே வெளிய நின்னு சுட்டுத் தரேன்" என்று அள்ளிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்குத் தனித் திறமை உண்டு.

அன்று காலையிலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். ஊறவைத்த கோழித் துண்டுகளை அடுப்பின் கம்பிவலை மேல் வரிசையாக அடுக்கினார். கொழுப்பு சொட்டக்கூடாது என்று அடியிலிருக்கும் தகட்டுக்குப் பளபளவென்று அலுமினியத் தாள் சுற்றி, ஓரங்களைப் பரிசுப் பொட்டலம் மாதிரி மடித்திருந்தார். மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டார். விசிறி ஓடியது. திரையில் எண் வந்தது. அந்த எண் வெளியே அன்றைக்கு அடித்த வெயிலின் சூடு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். அதே வெயில்.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். நீட்டிப்பு ஒயரில் கோளாறோ என்று வேறு ஒயர் கொண்டுவந்தார். அதிலும் சந்தேகம் வந்து, படுக்கையறையிலிருந்து மேஜை விளக்கைத் தூக்கிவந்து அதே ஒயரில் மாட்டினார். பட்டப்பகலில் தோட்டத்தில் விளக்கு ஜோராக எரிந்தது. அவருக்கு வயிறும் எரிந்தது. அடுப்பு மட்டும்தான் எரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார், துண்டுகள் நிறைய இருந்தன. கையை விட்டுக் கிளறினார். பக்கவாட்டில் செல்லமாகத் தட்டினார். பிறகு அவ்வளவு செல்லமில்லாமலும் தட்டினார். திரை ஒரு தடவை மினுக்கிவிட்டு, ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணும் காட்டி அணைந்துபோனது.

புத்தகத்தை எடுத்தார். அட்டையில் ஒரு ஆள் இடுக்கியும் கையுமாக, பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தான். அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே, முதலில் தகட்டைத் தூக்கிவிட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் வேகமாகப் புரட்டினார். கோழி அடுக்கியாகிவிட்டது, தாள் மடித்தாகிவிட்டது, இனி கலைப்பானேன் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டார். உண்மையில், அந்தக் கிண்ணத்துக்குள் என்ன இருக்கும் என்று மனசின் ஒரு மூலைக்குத் தெரியும். அந்த மூலைப் பக்கம் போகத்தான் அவருக்கு இஷ்டமில்லை.

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவுக்குரல் சொல்லிவிட்டு, புல்லாங்குழல் வாசிக்கப் போய்விட்டது. போனைத் தோளில் இடுக்கியபடி மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து அடுப்பின் அடிவயிற்றில் சூடான காற்றை ஊதினார். சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"உள்ள கரன்ட் அவன் சும்மாதான் இருக்குங்க. அதுல வெச்சு எடுத்துடலாம்."

"அவனை நம்பி நான் விருந்துக்குக் கூப்பிடல" என்றார்.

அவள் ஹேர் டிரையரைத் திருப்பி அதே இடத்தில் வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பல் டாக்டர் ஒல்லியாக, உயரமாக, முடியைக் கழுத்தளவில் வெட்டிக்கொண்டிருந்தார். யாரோடு பேசினாலும் அவர் பார்வை ஒரு நொடி அவர்களுடைய வாய்க்குப் போய்விட்டுத்தான் கண்ணுக்கு வந்தது. நம்மவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தார். நேரே தோட்டத்துக்குப் போய், இடுக்கியைக் கையில் பிடித்து, அட்டைப்பட ஆளைப்போலவே நின்றுகொண்டார். ஆகிக்கொண்டிருக்கிறது, இது மெதுவாக வேகிற வகை, அப்போதுதான் உள்ளே சாறு நிற்கும் என்றெல்லாம் சொன்னார். உள்ளே கோழி வாங்கிவந்தபோது இருந்ததைவிடப் பச்சையாக இருந்தது.

டாக்டர் கேட்டுக்கொண்டே நடந்துவந்து, உள்ளங்கையை அடுப்பின் மூடிமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை. எரிகிற அடுப்பின் மூடியில் யாரும் அவ்வளவு நேரம் கை வைத்திருக்க முடியாது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பத்தல டாக்டர்" என்றார். "காலையிலேருந்து பத்தல."

அந்த அம்மா கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். போனில் டார்ச்சைப் போட்டார். "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. அப்புறம் திறங்க" என்றார். மின்சாரத்தைத் துண்டிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள் என்று எத்தனையோ கட்டடங்களில் வகுப்பு எடுத்தவர் நம்மவர். நாக்கைக் கடித்துக்கொண்டு போய்ப் பிடுங்கினார். மூடியைத் திறந்தபோது ஏனோ தன் வாயையே திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது.

கோழித் தட்டத்தைப் பையனிடம் கொடுத்தார்கள். மிருக வைத்தியனான அவன் அதை ஒருமுறை பார்த்து, "இதுக்கு இனிமே என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி ஃப்ரிட்ஜில் வைக்கப் போனான். கம்பிவலையையும் தகட்டையும் தூக்கினார்கள். அடியில் இருந்த கிண்ணத்தைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் பூசிய மாதிரி சாம்பல் இறுகிக் கிடந்தது. டாக்டர் குனிந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"இதுல தண்ணி ஏதாவது ஊத்தினீங்களா?"

"இல்லைங்களே."

டாக்டர் நிமிரவில்லை. "என்கிட்ட வர்ற பேஷன்ட் எல்லாரும் ராத்திரி பல்லு தேய்ச்சுட்டுத்தான் படுக்கிறதா சொல்லுவாங்க" என்றார். "அதான் நான் வாயத் திறக்க வெச்சுட்டுக் கேள்வி கேக்கறது."

அவருக்குக் காது மடல் சுட்டது. காலையிலிருந்து அந்தத் தோட்டத்தில் சூடேறிய ஒரே பொருள் அதுதான். பின்னால் மகள் வந்து நின்றிருந்தாள். மனைவி ஜன்னலில். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஊத்தினேன். அன்னிக்கு சோளம் சுட்டப்புறம், ஒரு ஜக்கு. அதுவே அணைஞ்சுடும்னு தெரியும். விசிறியும் நின்னுடுச்சு. ஆனா உள்ள ஒரு பொறி இருந்து, நாங்க படுத்தப்புறம் எழுந்துக்கிட்டா என்ன பண்றதுன்னு மனசு கேக்கல. சத்தம் கேக்காம இருக்கப் பூனை மாதிரி வந்து ஊத்திட்டுப் போனேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டு ஜக்கு" என்று திருத்தினார்.

முதலில் சிரித்தது மனைவி. ஜன்னலில் முகம் மறைந்துவிட்டது, சத்தம் மட்டும் வந்தது. மகள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் உதட்டை மூடிக்கொண்டே கூடச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, பழைய ஸ்பூன் ஒன்றும் நீளமான கம்பி ஒன்றும் வேண்டும் என்றார்.

பிறகு நடந்ததை அறுவை சிகிச்சை என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் ஸ்பூனைப் பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்து, இறுகிய சாம்பலை ஓரத்திலிருந்து துளித்துளியாகப் பெயர்த்தார். டார்ச் பிடிக்கும் உத்தியோகம் நம்மவருக்கு. "இன்னும் கீழ. ஆடாமப் பிடிங்க" என்ற சொற்களுக்கு மேல் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சாம்பல் போனபின் சூட்டுக் கம்பி வெளியே வந்தது, மண்ணுக்குள் புதைந்த ஆணி மாதிரி. அதற்கும் பின்னால், திருகுக் கம்பி ஓடும் குழாயின் வாயில் இன்னொரு கூத்து. அவர் ஊற்றிய தண்ணீர் அங்கே போய், மரத்துண்டுகள் ஊறி உப்பி, பிறகு காய்ந்து கட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியைக் காலிசெய்து, கறி குத்தும் கம்பியால் இந்தப் பக்கம் அவர் குத்த, அந்தப் பக்கம் டாக்டர் சுரண்ட, அடைப்பு பொலபொலவென்று மரத்தூளாகக் கொட்டியது. டாக்டர் ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வேர் வரைக்கும் போயிருக்கு" என்றார். அன்றைக்கு அந்த அம்மா சொன்ன முதல் வேடிக்கை அது. அது வேடிக்கை என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புதிதாகத் துண்டுகளைப் போட்டார்கள். சுவிட்சைப் போட்டார். திருகுக் கம்பி கரகரவென்று சுற்றியது. கிண்ணத்தில் டக் டக்கென்று துண்டுகள் விழுந்தன. எல்லாரும் பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல நின்றார்கள். முதலில் நூலாகப் புகை வந்தது. அப்புறம் கயிறாக. அப்புறம் வெள்ளை வெளேரென்று ஒரு மூட்டை புகை எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கி, திறந்திருந்த சமையலறை ஜன்னலுக்குள் புகுந்தது.

சமையலறைக் கருவி அலறியது. அதைக் கேட்டுக் கூடம் அலறியது. படுக்கையறைகள் கூடச் சேர்ந்துகொண்டன. அவர் பொருத்திய ஒவ்வொன்றும் அவர் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு குறையில்லாமல், தொண்டை கிழியக் கத்தியது. மனைவி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அதே நேரம் அவர் போன் அடித்தது. ஆபீஸ் கன்ட்ரோல் ரூமில் அன்று டியூட்டியில் இருந்த பெண்.

"அண்ணே, உங்க வீட்ல புகை காட்டுது."

"ஆமாம்மா" என்றார், நெஞ்சு நிறைந்துபோய். "பத்திக்கிச்சு."

மறுமுனையில் குரல் அவசரமானது. "பதறாதீங்கண்ணே. எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?"

அவர் விளக்க முயன்றார். ஒன்றுமில்லை, அடுப்புதான், நல்ல நெருப்புதான் என்றார். பின்னாலிருந்து மகளும் மனைவியும் சிரிப்பது போனில் நன்றாகவே கேட்டிருக்கும். கன்ட்ரோல் ரூமில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல்நாள் பாடம் எடுப்பது அவர்தான். வீட்டுக்காரன் ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே, சிரித்துக்கொண்டே சொன்னால் சுத்தமாக நம்பாதே, அதிர்ச்சியில் மனுஷன் எப்படி வேண்டுமானாலும் பேசுவான் என்பது அந்தப் பாடம். அந்தப் பெண் நன்றாகப் படித்திருந்தாள். "அசையாம அங்கேயே நில்லுங்கண்ணே, வண்டி வருது" என்று வைத்துவிட்டாள்.

வண்டி வந்தது. சிலிண்டரோடு இரண்டு ஆட்கள் குதித்தார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு பேருமே அவரிடம் வேலை பழகியவர்கள். ஏப்ரனோடும் கரி பூசிய மூக்கோடும் நிற்கிற அவரைப் பார்த்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் விதி விதிதான், வந்தது வந்ததாக வீடு முழுக்கச் சோதித்தார்கள். திரும்பி வந்து ஒருவன் பணிவாகச் சொன்னான், "அண்ணே, குளியலறை வாசல்ல ஒண்ணைக் காணோமே. இப்படி விடக்கூடாதுண்ணே." அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி செடிகளைப் பார்த்தாள்.

ஒருவழியாக எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது மதியம் போய்ச் சாயங்காலம் வந்திருந்தது. அந்த இரண்டு ஆட்களையும் விடவில்லை, உட்காரவைத்தார்கள். இவ்வளவு பாடுபட்டு வந்த நெருப்பு பக்கத்தில் ஆள் நின்றால் கூச்சப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, கோழியை மறுபடி அடுக்கிய பிறகு அவர் மூடியைத் திறந்தே பார்க்கவில்லை. கோழி கறுத்து, வற்றி, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக, வெகுநேரம் மென்றார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பல்லுக்கு நல்ல பயிற்சி" என்றார்.

நம்மவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு முதன்முறையாக உதட்டை மூடாமல் சிரித்தார். டாக்டரின் பார்வை சட்டென்று வாய்க்குள் போயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று, மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் சொத்தை, வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நம்மவர் போகவில்லை. கல்யாணப் பேச்சு முடிந்து நாள் குறித்தார்கள், போகவில்லை. மண்டபம் பார்த்தார்கள், போகவில்லை. அந்தப் பல் ஒருநாள் ராத்திரி தூங்கவிடாமல் கொன்ற பிறகு, மறுநாள் காலையில் கிளினிக் திறக்கும் முன்னாலேயே போய் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாய்க்குள் பஞ்சையும் குழாயையும் திணித்த பிறகு, டாக்டர் வேலை செய்துகொண்டே பேச ஆரம்பித்தார். எதிராளி பதில் பேசமுடியாத நிலையில் இருந்தால்தான் அந்த அம்மாவுக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது.

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு நான் நல்ல மனசோட வரல சம்பந்தி. ஏதாவது குறை கண்டுபிடிச்சுட்டுப் போகணும்னுதான் வந்தேன். இத்தனை வருஷம் நானும் அவனும் மட்டுமே இருந்துட்டோம். விட்டுக்கொடுக்க மனசில்ல."

அவர் கண்ணை மட்டும் உருட்டினார்.

"குறை கெடச்சுது. கூடை கூடையா கெடச்சுது. ஆனா தண்ணி ஊத்தினேன்னு ஒத்துக்கிட்டீங்க பாருங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்காமலே ரெண்டு ஜக்குன்னு வேற சொன்னீங்க. உங்க வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. என் பையன் சின்னதுலேருந்து எதுக்குப் பயந்தாலும் வெளிய சொல்லமாட்டான், என்னை மாதிரியே. அந்த வீட்டுல சொல்லிடுவான்னு தோணிச்சு. அப்பவே எனக்கு மனசு ஆறிடுச்சு."

அவருக்குக் கண் கலங்கியது. ஊசியால்தான் என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். என்னவோ நல்லதாக, சம்பந்திக்குச் சம்பந்தி சொல்லக்கூடிய மரியாதையான வார்த்தை ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பி மேலே வந்தது. மரத்துப்போன நாக்கைத் தாண்டி வெளியே வரும்போது அது "ஆவ்வ்" என்று மட்டும்தான் கேட்டது.

"ம், துப்புங்க" என்றார் டாக்டர்.